ஒன்றரை நொடிக்கு 42 மீட்டர்

1850-ல் ஜெர்மானிய விஞ்ஞானி ஹெர்மன் ஹெல்ம்ஹோல்ட்ஸ் தவளையின் கால் நரம்பை எடுத்து, அதில் தூண்டல் எவ்வளவு வேகமாக ஓடுகிறது என்று அளந்தார். அந்த வேகத்தை அளக்கவே முடியாது என்றுதான் அவருடைய ஆசிரியர் யோஹன்னஸ் முல்லர் நினைத்திருந்தார். கிடைத்த விடை நொடிக்கு ஏறக்குறைய 27 மீட்டர். மணிக் கணக்குக்கு மாற்றினால் 97 கிலோமீட்டர். நான்குவழிச் சாலையில் 100-ல் போகும் கார் நொடிக்கு 27.8 மீட்டர் கடக்கிறது. உளுந்தூர்ப்பேட்டையைத் தாண்டி ஏசியைப் போட்டுக்கொண்டு பாட்டுக் கேட்டபடி நாம் போகும் வேகமும், தவளை நரம்பில் செய்தி ஓடும் வேகமும் கிட்டத்தட்ட ஒன்றுதான்.

மனித நரம்பு இதைவிட வேகமானது. கண்ணிலிருந்து மூளைக்கும் மூளையிலிருந்து காலுக்கும் செய்தி ஓட ஆகும் நேரம் சொற்பம். நேரத்தைத் தின்பது நடுவில் இருக்கும் மூளை. தூரத்தில் தெரிவது நிழலா, ஆளா? நிற்கிறதா, நகர்கிறதா? என் வழிக்கு வருமா, வராதா? பிரேக் அடிப்பதா, ஒடிப்பதா? இவ்வளவுக்கும் பதில் கிடைத்த பிறகுதான் ஆக்சிலேட்டரிலிருந்து கால் எழுகிறது. எழுந்த கால் பிரேக்குக்குப் போய்ச் சேரவும் கொஞ்ச நேரம் வேண்டும்.

இந்த மொத்த நேரத்தைப் பலர் அளந்திருக்கிறார்கள். 1971-ல் ஸ்வீடனில் யோஹான்சன், ரூமர் என்ற இருவர் 321 ஓட்டுநர்களிடம் "ஒரு ஹாரன் சத்தம் கேட்கும், கேட்டதும் பிரேக்கைத் தொடுங்கள்" என்று சொல்லி வைத்துச் சோதித்தார்கள். நடுநிலை அளவு 0.66 நொடி. சொல்லி வைத்ததால் வந்த வேகம் அது. எதிர்பாராத நேரத்தில் சத்தம் வந்தால் இது 0.9 நொடி ஆகும் என்று அவர்களே கணக்கிட்டார்கள். 2000-ல் மார்க் கிரீன் என்ற ஆய்வாளர் அதுவரை வந்த ஆய்வுகளையெல்லாம் சேர்த்துப் பார்த்துத் தோராயமாக மூன்று அளவுகள் சொன்னார். எதிர்பார்த்திருந்தால் 0.7 நொடி. முன்னால் போகும் வண்டியின் பிரேக் லைட் எரிவது போன்ற வழக்கமான நிகழ்ச்சிக்கு 1.25 நொடி. யாரோ திடீரென்று குறுக்கே ஓடிவருவது போன்ற அதிர்ச்சிக்கு 1.5 நொடி.

இந்த 1.5 நொடியில் 100-ல் போகும் கார் 42 மீட்டர் போய்விடும். வேகம் ஒரு கிலோமீட்டர்கூடக் குறையாமல்.

அதற்குப் பிறகுதான் பிரேக் வேலையைத் தொடங்குகிறது. காய்ந்த சாலை, தேயாத டயர், முழு மிதி என்று எல்லாம் சாதகமாக இருந்தால் வண்டி நிற்க இன்னும் 55 மீட்டர் வேண்டும். மொத்தம் 97 மீட்டர். நம் சாலைகளை வடிவமைக்கும் பொறியாளர்களுக்கு ஓட்டுநர்மீது இவ்வளவு நம்பிக்கையும் கிடையாது. இந்தியச் சாலைகள் பேராயத்தின் விதி ஓட்டுநருக்கு 2.5 நொடி ஒதுக்குகிறது. டயரின் பிடிப்பையும் குறைவாகவே வைத்துக் கணக்கிடுகிறது. அதன்படி 100 கிலோமீட்டர் வேகத்துக்கு ஓட்டுநரின் கண்ணுக்கு முன்னால் 180 மீட்டர் தெளிவாகத் தெரிந்தாக வேண்டும். 80-க்கு 120 மீட்டர், 60-க்கு 80 மீட்டர். வளைவுகளும் மேடுகளும் இந்தக் கணக்கில்தான் போடப்படுகின்றன. ஓட்டுபவர் மட்டும் தன் "ரிஃப்ளெக்ஸ்" வேறு ரகம் என்று நம்பிக்கொண்டிருக்கிறார்.

ஒரு சின்னக் கணக்கு. மேலே சொன்ன 1.5 நொடியையும் நல்ல பிரேக்கையும் வைத்துக்கொள்வோம். பக்கத்துப் பக்கத்து லேனில் ஒரு கார் 60-லும் இன்னொரு கார் 70-லும் போகின்றன. முன்னால் 45 மீட்டரில் இரண்டு லேனையும் அடைத்தபடி ஒரு டிராக்டர் குறுக்கே வந்து நிற்கிறது. இருவரும் ஒரே கணத்தில் பார்க்கிறார்கள், ஒரே மாதிரி மிதிக்கிறார்கள். 60-ல் வந்த கார் டிராக்டரைத் தொட்டும் தொடாமலும் நிற்கிறது. 70-ல் வந்த கார் எந்த வேகத்தில் மோதும்? பத்து என்றுதான் பலரும் சொல்வார்கள். சரியான விடை 45. அதே இடத்தில் 100-ல் வந்தவர் பிரேக்கில் கால் வைக்கும்போது டிராக்டர் மூன்று மீட்டர் தள்ளி இருக்கும். அவர் ஏறக்குறைய முழு வேகத்தில் மோதுவார். வேகம் பெருமளவு குறைவது கடைசிச் சில மீட்டர்களில்தான். அந்தச் சில மீட்டர் இல்லாமல் போனவருக்குப் பிரேக் இருந்தும் பயன் குறைவு.

சாலை விபத்து வழக்குகளில் நம் காவல் நிலையங்கள் எழுதும் வாசகம் ஒன்று உண்டு: "அதிவேகமாகவும் அஜாக்கிரதையாகவும் ஓட்டி வந்து." எல்லா எஃப்.ஐ.ஆரிலும் ஒரே அச்சில் வருவதால் அதை யாரும் படிப்பதில்லை. ஆனால் இரண்டே சொல்லில் முழு அறிவியலும் அதில் இருக்கிறது. 2022-ல் இந்தியாவில் பதிவான சாலை விபத்துகள் 4,61,312. உயிரிழந்தவர்கள் 1,68,491 பேர். விபத்துகளின் எண்ணிக்கையில் முதலிடம் தமிழ்நாட்டுக்கு: 64,105. இறந்தவர்கள் 17,884 பேர். மத்தியச் சாலைப் போக்குவரத்து அமைச்சகம் வெளியிட்ட கணக்கு இது.

அஜாக்கிரதை என்றதும் தூங்கிவிட்டவரையும் செல்போனில் மூழ்கியவரையும்தான் நினைக்கிறோம். அமெரிக்காவில் வர்ஜீனியா டெக் பல்கலைக்கழகம் 100 கார்களில் கேமராக்களும் கருவிகளும் பொருத்தி ஓராண்டுக்கு மேல் கண்காணித்தது. முடிவுகள் 2006-ல் வந்தன. மோதல்களில் ஏறக்குறைய 80 சதவீதத்தில், அதற்கு முந்தைய மூன்று நொடிக்குள் ஓட்டுநரின் கவனம் சாலையில் இல்லை. ஏசியைக் கூட்டுவது, பின்சீட்டுக் குழந்தையைத் திரும்பிப் பார்ப்பது, தண்ணீர் பாட்டிலைத் தேடுவது என்று எல்லாம் இதில் அடக்கம். மொத்தமாக இரண்டு நொடிக்கு மேல் கண் சாலையை விட்டு அகன்றால் மோதும் ஆபத்து இரட்டிப்பாகிறது என்பதும் அந்த ஆய்வு சொன்னது. 100-ல் இரண்டு நொடி என்பது 56 மீட்டர். அதன் பிறகு மேலே சொன்ன 42 மீட்டர் தொடங்குகிறது.

புளூடூத்தில் பேசினால் ஆபத்தில்லை என்பதும் தவறு. 1997-ல் கனடாவைச் சேர்ந்த ரெடல்மையர், டிப்ஷிரானி இருவரும் விபத்தில் சிக்கிய 699 ஓட்டுநர்களின் தொலைபேசிக் கணக்கை ஆராய்ந்தார்கள். பேசிக்கொண்டிருக்கும் நேரத்தில் மோதும் ஆபத்து நான்கு மடங்கு. கையில் பிடிக்காமல் பேசும் கருவி அதைக் குறைத்ததாகத் தெரியவில்லை. கை இரண்டும் ஸ்டியரிங்கில் இருக்கலாம்; மூளை எதிர்முனையில் இருக்கிறதே.

நம் ஊருக்கென்று ஒரு தனி வில்லன் உண்டு: இரவில் பின்விளக்கு எரியாமல் ஓரத்தில் பாதி, சாலையில் பாதியாக நிற்கும் லாரி. "நிற்கிற லாரியில் போய் மோதியிருக்கிறானே, தூங்கியிருப்பான்" என்று சுலபமாகச் சொல்லிவிடுகிறோம். தூங்காதவரும் மோதுவார். முன்னால் ஒரு பொருள் நெருங்குகிறது என்பதை அது பெரிதாவதை வைத்துத்தான் கண் உணர்கிறது; இதை 1976-ல் டேவிட் லீ என்ற உளவியலாளர் பிரேக் போடும் ஓட்டுநர்களோடு பொருத்தி விளக்கினார். 90 கிலோமீட்டர் வேகத்தில் போகிறீர்கள் என்று வையுங்கள். 200 மீட்டரில் தெரியும் லாரி உங்கள் கண்ணில் இரண்டு மடங்காக நான்கு நொடி ஆகும். அடுத்த இரண்டு மடங்குக்கு இரண்டு நொடி. அதற்கடுத்ததுக்கு ஒரே நொடி. ஆக, பெரும்பகுதி நேரம் அந்த லாரி மெதுவாக உங்களுக்கு முன்னால் போய்க்கொண்டிருப்பது போலத்தான் தெரியும். நிற்கிறது என்று உறைக்கும்போது மிச்சமிருக்கும் தூரம், நிற்கத் தேவையான தூரத்தைவிடக் குறைந்திருக்கும். பகலிலேயே இப்படி. இரவில் டிம் லைட்டில் கறுப்பு உடை போட்டு நடந்துபோகிறவர் பெரும்பாலும் 50 மீட்டருக்குள் வந்த பிறகுதான் தெரிகிறார். 100-ல் போகிறவருக்கு அந்த 50 மீட்டரில் 42 மீட்டர் யோசிக்கவே போய்விடும்.

சரி, பார்த்தாயிற்று. பிரேக்கில் கால் வைத்தாயிற்று. அப்போதும் பெரும்பாலோர் ஒரு தவறைச் செய்கிறார்கள்: வேகமாக மிதிக்கிறார்கள், ஆனால் பலமாக மிதிப்பதில்லை. 1992-ல் மெர்சிடிஸ் பென்ஸ் நிறுவனம் பெர்லினில் இருந்த தன் ஓட்டுநர் சிமுலேட்டரில் சாதாரண ஓட்டுநர்களை உட்காரவைத்து அவசரநிலைகளைக் காட்டியது. 90 சதவீதத்துக்கும் அதிகமானவர்கள் தேவையான பலத்தோடு மிதிக்கவில்லை. அதன் விளைவாக 1996-ல் வந்ததுதான் பிரேக் அசிஸ்ட். கால் வரும் வேகத்தைப் பார்த்து, இது அவசரம் என்று புரிந்துகொண்டு, மீதி அழுத்தத்தைத் தானே சேர்த்துக் கொடுக்கும் கருவி. நாள்தோறும் மெல்ல மிதித்தே பழகிய கால், உயிர் போகும் நேரத்திலும் பழக்கத்தை விடுவதில்லை.

2022 செப்டம்பர் 4 அன்று அகமதாபாத்–மும்பை நெடுஞ்சாலையில், பால்கர் மாவட்டத்தின் சூர்யா ஆற்றுப் பாலத் தடுப்பில் ஒரு கார் மோதியது. தொழிலதிபர் சைரஸ் மிஸ்திரியும் உடன் பின்சீட்டில் இருந்தவரும் இறந்தார்கள். இருவரும் சீட் பெல்ட் போட்டிருக்கவில்லை. சாலை மூன்று லேனிலிருந்து இரண்டாகக் குறுகும் இடம் அது. கார் நிறுவனம் காவல்துறைக்குக் கொடுத்த அறிக்கை என்று அப்போது வெளியான செய்திகளில் இரண்டு எண்கள் இருந்தன: மோதுவதற்கு ஐந்து நொடி முன்பு வேகம் 100, பிரேக் மிதிக்கப்பட்டு, மோதியபோது 89. ஓட்டியவர்மீது தீர்ப்புச் சொல்ல நான் யாருமில்லை, அதற்கு நீதிமன்றம் இருக்கிறது. அந்த எண்களைப் பௌதிகத்தோடு மட்டும் ஒப்பிடுகிறேன். காய்ந்த சாலையில் முழு மிதி மிதித்தால் 100-ல் போகும் நல்ல கார் ஏறக்குறைய நான்கு நொடியில் நின்றுவிடும்.

முழு மிதி மிதித்தால், சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏபிஎஸ் கருவி உள்ள வண்டியில் பெடல் காலுக்குக் கீழே கடகடவென்று உதைக்கும், முன்னால் ஏதோ உரசுவது போலச் சத்தம் வரும். கருவி வேலை செய்வதன் அடையாளம் அது. முதன்முறை அதை உணர்கிறவர் வண்டியில் ஏதோ உடைந்துவிட்டது என்று காலைத் தளர்த்துகிறார். 2019 ஏப்ரலிலிருந்து நம் நாட்டில் விற்கும் எல்லாக் கார்களிலும் ஏபிஎஸ் கட்டாயம். அந்த உதையை ஒருமுறையாவது உணர்ந்திருக்கிறவர் எத்தனை பேர்? ஓட்டுநர் தேர்வில் அவசரமாக நிறுத்திக் காட்டுவதும் ஓர் அங்கம் என்று மத்திய மோட்டார் வாகன விதிகளில் இருக்கிறது. நாமெல்லாம் எட்டு போட்டுத்தான் உரிமம் வாங்கினோம்.

இருசக்கர வண்டிக்காரர்களுக்கு இந்தச் சிக்கல் இன்னும் கூர்மையானது. 1981-ல் அமெரிக்காவில் ஹாரி ஹர்ட் குழுவினர் 900 மோட்டார் சைக்கிள் விபத்துகளை இடத்துக்கே போய் ஆராய்ந்து எழுதிய அறிக்கை, ஆபத்து தெரிந்ததிலிருந்து மோதும்வரை ஓட்டுநருக்குக் கிடைப்பது இரண்டு நொடிக்கும் சற்றுக் குறைவு என்றது. அந்த நேரத்தில் அவர்கள் செய்தது பின் பிரேக்கைப் பூட்டி வழுக்கியது. வண்டியை உண்மையில் நிறுத்தக்கூடிய முன் பிரேக்கை அளவாகவே தொட்டார்கள். "முன் பிரேக் பிடிச்சா தலைகுப்புற விழுவே" என்று சொல்லித்தான் நம் ஊரிலும் வண்டி கற்றுக்கொடுக்கிறார்கள். 2022-ல் இந்தியச் சாலைகளில் இறந்தவர்களில் 44.5 சதவீதம் பேர் இருசக்கர வண்டியில் போனவர்கள்.

இனி ஒடிப்பது. கல்யாண வீட்டுத் திண்ணையில் கேட்கும் கதைகளில் பாதி இதுதான்: "கடைசி நேரத்துல ஸ்டியரிங்கை ஒடிச்சேன் பாரு, மயிரிழைல தப்பிச்சோம்." தப்பாதவர்கள் கல்யாணத்துக்கு வருவதில்லை என்பதால் இந்தக் கதைக்கு எதிர்க்கதை கிடையாது. கணக்குப்படி பார்த்தால் ஒடிப்பதில் நியாயம் இருக்கிறது. வண்டியை இரண்டு மீட்டர் பக்கவாட்டில் நகர்த்த, எந்த வேகத்திலும் ஏறக்குறைய ஒரு நொடி போதும். 100-ல் அது 28 மீட்டர். நிறுத்தவோ 55 மீட்டர் வேண்டும். ஆனால் அந்தக் கணக்கு, பக்கத்தில் காலி இடம் இருக்கிறது என்று முன்கூட்டியே தெரிந்தவருக்கு. கண்ணாடியைப் பார்த்து அதைத் தெரிந்துகொள்ள அந்த ஒன்றரை நொடியில் இடமில்லை. தேர்வுகள் கூடக் கூட முடிவெடுக்கும் நேரமும் கூடும் என்று 1952-லேயே வில்லியம் ஹிக் அளந்து காட்டிவிட்டார். பிரேக், இடது, வலது என்று மூன்று வழி திறந்திருப்பது அந்தக் கணத்தில் சுமை.

ஒடித்த பிறகு வருவதுதான் மோசமான பகுதி. டயருக்குத் தரையில் இருக்கும் பிடிப்பு ஒரே கணக்கு; அதில் திரும்பச் செலவழித்தது போக மீதிதான் நிறுத்தக் கிடைக்கும். முதல் திருப்பத்தில் ஒரு பக்கம் சாய்ந்த வண்டி, நேராக்க மறுபக்கம் திருப்பும்போது இன்னும் வேகமாகச் சாய்கிறது. 1997 அக்டோபரில் ஸ்வீடனின் டெக்னிகென்ஸ் வார்ல்ட் இதழின் பத்திரிகையாளர் ராபர்ட் கோலின், சாலையில் மூஸ் மான் குறுக்கிட்டதாகப் பாவித்து ஒடித்து மீளும் சோதனையை அப்போது புதிதாக வந்த மெர்சிடிஸ் ஏ-கிளாஸில் செய்தார். வேகம் 60-ஐ ஒட்டித்தான். கார் கவிழ்ந்தது. குறை வண்டியிலும் இருந்தது. நிறுவனம் விற்பனையை நிறுத்தி, வண்டி தடுமாறும்போது சக்கரங்களைத் தனித்தனியே பிடித்து நிலைப்படுத்தும் ஈஎஸ்பி கருவியை எல்லா ஏ-கிளாஸிலும் பொருத்தியது. ஆனால் ஓட்டியவர் சோதனைகளில் பழகியவர், எதிரே எதுவும் வராத தளம், எப்போது ஒடிக்கப்போகிறோம் என்று அவருக்குத் தெரியும். செய்யாறு பக்கம் நாய் குறுக்கே வரும்போது நமக்கு இவற்றில் எதுவும் இருக்காது. "நாய் குறுக்கே ஓடியதால் கட்டுப்பாட்டை இழந்த கார்" என்று தொடங்கும் செய்தி எதில் முடியும் என்று பத்திரிகை படிக்கும் எவருக்கும் தெரியும்: புளியமரம், எதிர்லேன் பஸ், கிணறு.

நாய்க்காகத் திருப்பாதீர்கள் என்று சொல்வது கொடூரமாகப் படலாம். ஸ்டியரிங்கை நேராகப் பிடித்துப் பிரேக்கை முழுவதும் மிதியுங்கள் என்றுதான் சொல்கிறேன். பல நேரம் நாயும் பிழைக்கும்.

பதற்றத்தில் கால் தவறான பெடலுக்குப் போவதும் நடக்கிறது. 2019 ஏப்ரல் 19 அன்று டோக்கியோவின் இகெபுகுரோ பகுதியில் 87 வயது முதியவர் ஓட்டிய கார் ஒரு தாயையும் மூன்று வயது மகளையும் மோதிக் கொன்றது. வண்டியில்தான் கோளாறு என்று அவர் விசாரணையில் வாதிட்டார். பிரேக் என்று நினைத்து ஆக்சிலேட்டரை மிதித்தார் என்று முடிவுசெய்த நீதிமன்றம் 2021-ல் ஐந்தாண்டு சிறைத் தண்டனை விதித்தது. அவர் பொய் சொன்னார் என்று எண்ண வேண்டியதில்லை. பிரேக்கைத்தான் மிதிக்கிறோம் என்று மூளை நம்பிவிட்டால், வண்டி நிற்காதபோது இன்னும் பலமாக மிதிக்கத்தான் சொல்லும். கியர் வண்டியில் பதறும்போது இடது கால் கிளட்சையும் சேர்த்து அமுக்கிவிடும், இன்ஜினின் இழுவை சக்கரத்துக்குப் போகாது. ஆட்டோமேட்டிக்கில் அந்தக் காப்பு இல்லை. வயதான அப்பாவுக்குச் சுலபமாக இருக்கட்டும் என்று ஆட்டோமேட்டிக் வாங்கிக் கொடுக்கிறவர்கள், வீட்டு வாசலிலும் பார்க்கிங்கிலும் வண்டியை எடுக்கும்போது அவர் கால் எங்கே இருக்கிறது என்று ஒருமுறை பக்கத்தில் உட்கார்ந்து கவனிப்பது நல்லது.

செய்யக்கூடியது கொஞ்சம்தான். முன்னால் போகும் வண்டி ஒரு மைல்கல்லைத் தாண்டியதிலிருந்து நீங்கள் அதைத் தாண்ட மூன்று நொடியாவது ஆகட்டும். மழையில் இன்னும் அதிகம். இடைவெளி விட்டால் நடுவில் நுழைந்துவிடுகிறார்கள் என்பது உண்மை. நுழையட்டும், மறுபடியும் பின்வாங்குங்கள். ஒவ்வொரு நுழைவுக்கும் இழப்பது இரண்டு மூன்று நொடி. பஸ் நிறுத்தம், பள்ளிக்கூடம், மீடியனில் இடைவெளி இவை தெரிந்தால் ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்துப் பிரேக்கின் மேல் வைத்துக்கொள்ளுங்கள், 1.5 நொடி 0.7-ஐ நோக்கி இறங்குவது எதிர்பார்ப்பால் மட்டுமே. இரவில் டிம் லைட்டில் போகும்போது 60-க்கு மேல் போகாதீர்கள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலையில், பின்னாலும் பக்கத்திலும் யாருமில்லாத ஒரு காலி மைதானத்துக்கு வண்டியை ஓட்டிப் போங்கள். உள்ளே இருப்பவர்கள் பெல்ட் போட்டிருக்கட்டும். 40-க்கு வந்ததும் பிரேக்கை முழு பலத்தோடு, தரையோடு அழுந்தும்படி மிதியுங்கள். பெடல் உதைக்கும். ஸ்டியரிங்கை நேராகப் பிடியுங்கள், வண்டி முழுதாக நிற்கும்வரை காலை எடுக்காதீர்கள்.